பனி மேல் போட்ட பழி

கட்டபெட்டு பக்கம் ஒரு காட்டேஜ். மலையில் ஏசி எதற்கு என்பீர்கள். குளிருக்குத்தான். சூடாக்கவும் செய்கிற மாடல் அது. வயரிங் நான்தான். லோடு மீறினால் விழும் எம்சிபி, கரண்ட் கசிந்தால் லைனை நிறுத்தும் ஆர்சிசிபி எல்லாம் தனியாகப் போட்டேன். கசியும் கரண்டை மண்ணில் இறக்கும் எர்த் ராடு மட்டும் இரண்டடியில் பாறையில் முட்டியது. வேறு இடத்தில் குழி தோண்டச் சோம்பல்பட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

டிசம்பரில் ஓனர் போன் செய்தார்.

"ஏனுங்க, மிஸ்ட் எறங்குனாப் போதும், ஆர்சிசிபி ட்ரிப் ஆவுது. கெஸ்ட்டுக குளுருல நடுங்கறாங்க. ஏதாச்சும் பண்ணிக் குடுங்க."

எங்கள் மலை வயர்மேன்களிடம் ஒரு வசதியான பதில் உண்டு. பனிக்கு ட்ரிப் ஆகிறது என்போம். யாரும் மறுத்துப் பேசுவதில்லை. நானும் அதையே சொன்னேன். வயரில் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மெகர் வண்டியில்தான் இருந்தது. போய் எடுத்து வரவில்லை. ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராக எம்சிபிக்கு லைன் கொடுத்தேன். ஏசி ஓடியது. ஓனருக்கு ரொம்ப சந்தோஷம்.

கிளம்பும்போது காட்டேஜைக் கூட்டிப் பெருக்கும் மரகதம் வந்தார். காலையில் இந்த வேலை, பிறகு எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பு.

"வெளி மிஷின்ல ஐஸு புடிச்சுக்குதுங்க. சுடுதண்ணி ஊத்திக் கரைக்கறேன். தப்பில்லீங்களே?"

"ஊத்துங்க" என்றேன். காது கொடுத்துக்கூடக் கேட்கவில்லை.

நான்காம் நாள் காலை தண்ணீர் ஊற்றிவிட்டு, மிஷினின் தகரத்தைத் துணியால் துடைத்திருக்கிறார். கரண்ட் பிடித்துக்கொண்டது. ஓனர் மெயினை ஆஃப் செய்ததால் உயிர் தப்பியது.

பிறகுதான் அவுட்டோர் யூனிட்டைத் திறந்து பார்த்தேன். கேபிள் நுழையும் துளையில், வயர் உரசாமல் காக்கும் கிளாண்ட் போட மறந்திருக்கிறேன். பனி இறங்கி ஏசி ஓடும்போதெல்லாம் அதிர்வில் தகரத்தோடு உரசி இன்சுலேஷன் கிழிந்து, கரண்ட் வரும் பேஸ் வயர் பாடியில் பட்டுக்கொண்டிருந்தது. எர்த் அரைகுறை என்பதால் எம்சிபியும் விழவில்லை. பனி ஒரு பாவமும் செய்யவில்லை. வயரிங் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ட்ரிப் ஆனால் காரணம் தெரிகிறவரை லைன் கொடுக்காதீர்கள். ஓனர் கத்தினால் கத்தட்டும்.

மரகதத்தின் வலது கை விரல்கள் பிறகு மடங்கவில்லை. கொழுந்து பறிப்பு போயிற்று. எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார்.

"தண்ணி ஊத்துனது நாந்தானுங்களே. ஓனரும் அதத்தான் சொல்றாரு. என் தப்புத்தானுங்க."

அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்திருக்கலாம். உள்ளுக்குள் அந்த ஆசை இருந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"இல்லீங்கம்மா. கரண்ட் கசிஞ்சா லைனை நிறுத்தறதுக்கு அங்க ஒரு சாதனம் இருந்துச்சு. அதைக் கழட்டுனது நான்."



"எங்கிட்ட ஊத்துங்கன்னு சொன்னீங்களே, அதுக்கு முந்தியே கழட்டிட்டீங்களா?"

"ஆமாங்க" என்றேன்.