பிரமாதம் அண்ணன் சொன்ன குறைகள்

சலவைக்கடைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கடை உரிமத்தில் மட்டும்தான் இருக்கிறது. தெருவுக்கு அவர் பிரமாதம் அண்ணன். எதைக் காட்டினாலும் அந்த ஒரு சொல்தான் அவர் வாயிலிருந்து வரும். எதிர்க்கடைக்காரர் சுவருக்கு அடித்த கண்ணைப் பறிக்கும் மஞ்சள் வண்ணம் பிரமாதம். முடிதிருத்துகிறவர் ஒரு பக்கம் ஏற்றி ஒரு பக்கம் இறக்கி வெட்டிவிட்ட கிராப்பு பிரமாதம். மனைவி ஒருநாள் வேண்டுமென்றே உப்பில்லாமல் சமைத்து வைத்துப் பார்த்தார். அதுவும் பிரமாதம்தான். அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு உப்பு டப்பாவை எடுத்து வந்தார்.

இப்படிப்பட்ட மனிதரை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் அது ஒன்றும் வெறும் வாய்ப்பழக்கம் இல்லை. அவருடைய அப்பாவும் இஸ்திரி போட்டவர்தான். கை தேர்ந்த கை, மனசு கல் மனசு. மகன் உயிரைக் கொடுத்து ஒரு சட்டையைத் தேய்த்து நீட்டினால், அப்பா சட்டையைப் பார்க்கமாட்டார். எங்கோ மிச்சமிருக்கும் ஒரு சுருக்கத்தைத்தான் பார்ப்பார். அதன்மேல் விரலை வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் திருப்பித் தருவார். கடைசிவரை ஒரு ‘பரவாயில்லை’கூட அவர் வாயிலிருந்து உதிரவில்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அந்த விரல் மகனை விடவில்லை. தன்னால் இன்னொருவர் மனசு அப்படி நோகக்கூடாது என்று அவர் அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். அதை இம்மி பிசகாமல் காப்பாற்றியும் வந்தார்.

மனைவி நேர் எதிர். கடை திறந்த புதிதில் தம்பியின் சட்டையோடு வந்தவர் அவர். வாங்கிப் பார்த்துவிட்டு, “காலர் சரியில்ல, மறுபடி போட்டுக் குடுங்க” என்று மேசைமேல் போட்டார். அண்ணன் மறுபடி போட்டுக் கொடுத்தார். அடுத்த வாரம் வேறு துணியோடு வந்து வேறு குறை சொன்னார். இப்படிக் குறை சொல்லிச் சொல்லியே விஷயம் கல்யாணம்வரை போய்விட்டது. இன்றைக்கும் கடையில் கடைசி இஸ்திரி மேசை அவருடையது. அவர் கண்ணைத் தாண்டாமல் ஒரு துணியும் வெளியே போகாது.

இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய கிடங்கின் மாடியில் ஒரு மன்றம் இருக்கிறது. புகையையும் கழிவையும் குறைக்கிற கருவி எதையாவது கண்டுபிடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் திருதிருவென்று விழிக்கிற புது நிறுவனங்களுக்குக் கைகொடுப்பது அதன் வேலை. வக்கீல் வேண்டுமா, பொறியாளர் வேண்டுமா, வாங்குகிற ஆள் வேண்டுமா, இவரை அவரோடு முட்டவிட்டு, அவரை இவரோடு கோத்துவிட்டுக் காரியத்தை நடத்திவிடுவார் மன்றத்து அம்மாள். “கண்டுபிடிக்கிறது பெரிசில்ல சார். அதை முதல்ல வாங்கிப் போட்டுப் பாக்கறதுக்கு ஒரு மனுஷன் வேணும். அந்த மனுஷனைப் பிடிக்கிறதுக்குத்தான் நாக்கு தள்ளுது” என்பார். ஒருநாள் கோட்டில் மைக்கறையோடு கடைக்கு வந்தவர், வீணாய்ப் போகும் நீராவியையும், சாக்கடைக்கு ஓடும் தண்ணீரையும், எதைச் சொன்னாலும் பிரமாதம் என்கிற முதலாளியையும் ஒரே பார்வையில் அளந்துவிட்டார். விடுவாரா?

அதற்குப் பிறகு மன்றத்தில் எந்தக் கருவி பிறந்தாலும் முதலில் வந்து இறங்குவது அண்ணன் கடையில்தான். வெயிலில் தண்ணீர் காய்ச்சும் குழாய்கள் கூரையேறின. மேகம் வந்தால் தண்ணீர் கோபித்துக்கொண்டு குளிர்ந்துவிடும். துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசியை அழுத்தி அடுப்புக்கட்டி செய்யும் கருவி ஒன்று வந்தது. கட்டி எரிந்ததைவிட இருமல் கிளப்பியதுதான் அதிகம். வெளியே போகும் சூட்டைப் பிடித்துத் திருப்பித் தரும் உலர்த்தி, சூட்டோடு ஈரத்தையும் பிடித்துத் திருப்பித் தந்தது. அறைக்குள்ளேயே கூரை சொட்டியது. அண்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு துணி மடித்தார். செய்தவர்கள் ஆவலோடு வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டபோது, குடையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, “பிரமாதம்!” என்றார்.

இந்த வரிசையில் வந்தவள்தான் தண்ணிப் பொண்ணு. அலசிய தண்ணீரை வாங்கி, அழுக்கைப் பிரித்து, அடுத்த துவைப்புக்குத் திருப்பி அனுப்பும் கருவியைச் செய்தவள். அலமாரி அளவுக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி. நல்ல வேலையை உதறிவிட்டு இதில் இறங்கினாள். கூட இறங்கிய சிநேகிதன் பாதியில் கரையேறிவிட்டான். வாரம் தவறாமல் வந்து பெட்டியைத் தடவிக்கொடுத்து, “எப்படிண்ணா இருக்கு?” என்பாள். அவரும் வாரம் தவறாமல் அந்தச் சொல்லைச் சொல்வார். இந்தத் தடவை அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்ததுதான் வேடிக்கை. கடைக்குப் பின்னாலிருந்த சாக்கடை காய்ந்துபோனது. தண்ணீர் லாரிக்காரர் கடைக்கு வரும் வழியையே மறந்துவிட்டார். பிள்ளையில்லாத வீட்டில் அவள் வந்து போகும் நாள் ஒரு தினுசாக விடியும். அண்ணி சமைத்து வைத்துக் காத்திருப்பார். அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, ஏன் இப்படி இளைத்துப்போனாய் என்று திட்டுவார்.

ஒருநாள் மன்றத்து அம்மாள் கடைக்கு வந்தார். முகம் சரியில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்கு இந்தப் பெட்டியைக் கேட்டிருக்கிறார்கள். வாங்குவது பற்றி முடிவெடுக்கிற அதிகாரி, ஏற்கெனவே வைத்திருக்கிறவர் யாரிடமாவது பேச வேண்டும் என்றிருக்கிறார்.

“நான் இருக்கேன்ல மேடம், எங்கிட்ட பேசச் சொல்லுங்க” என்றார் அண்ணன்.

“சொன்னேன் சார். சிரிச்சிட்டார். அந்த உலர்த்தும் மெஷினுக்கு உங்ககிட்டதான் கேட்டாராம். பிரமாதம்னு சொன்னீங்களாம். நம்பி வாங்கிப் போட்டாங்க. அங்க நோயாளிங்க போர்வை மேலேயே மழை.”

அண்ணன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க வார்த்தைக்கு இப்ப எங்கயும் மதிப்பு இல்ல சார். எல்லாத்தையும் நல்லாருக்குன்னு சொல்றவர் சொன்னா, எது நல்லாருக்குன்னு எப்படித் தெரியும்? எனக்காக ஒரு தடவை நேர்ல வந்து பாக்கறேன்னு ஒத்துக்கிட்டிருக்கார். அவ்வளவுதான். இதுவும் போச்சுன்னா அந்தப் பொண்ணு கம்பெனியை மூடிடுவா. பழைய ஆபீஸ்ல கூப்பிட்டுட்டே இருக்காங்க.”

மன்றத்து அம்மாள் போய்விட்டார். அண்ணனுக்கு நெஞ்சை யாரோ பிழிந்து உதறியது போலிருந்தது. யார் மனசும் நோகக்கூடாது என்று ஆயுசு பூராவும் அள்ளி இறைத்த சொல், வேண்டிய நேரத்தில் வெறும் காற்றாகப் போய்விட்டது. அதுவும் அந்தப் பெண்ணுக்கு உதவாமல் போய்விட்டது. அவர் உண்மையாகவே அழுதார். அண்ணி பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏங்க, நம்ம கடைக்கு முதல் வாரம் வந்தவங்க எத்தனையோ பேர். நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போனவங்கள்ல எவனாவது திரும்பி வந்தானா?”

“இல்ல.”

“காலர் சரியில்லன்னு சொன்னவ?”

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். “அவ போகவே இல்லையே” என்றார்.

அதிகாரி ஒரு மதிய நேரத்தில் வந்தார். கூடவே மன்றத்து அம்மாளும் வந்தார். அதிகாரி சோப்புத்தூள் மூட்டைகளைத் தாண்டி, பெட்டியைச் சுற்றி வந்து, கடிகாரத்தைப் பார்த்தார். தண்ணிப் பொண்ணு பெட்டியின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றாள். விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது.

“சொல்லுங்க, எப்படி இருக்கு?” என்றார் அதிகாரி, பதில் தெரிந்தவர் போல.

அண்ணன் வாயைத் திறந்தார். பழகிய சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கடைசி மேசையிலிருந்து அண்ணி ஒரு இருமல் இருமினார். அண்ணன் அந்தச் சொல்லை விழுங்கினார்.

“திருகாணி எல்லாம் பின்பக்கம் இருக்குங்க” என்றார்.

“என்ன?”

“மூடியோட திருகாணி. பின்பக்கம், செவுத்தை ஒட்டி. வடிகட்டியைக் கழட்டணும்னா நான் தரையில மல்லாந்து படுக்கணும். என் வயிறு இருக்கற இருப்புக்கு நானே எழுந்திரிக்க முடியாது, ரெண்டு பேர் தூக்கி விடணும்.”

தண்ணிப் பொண்ணு திரும்பிப் பார்த்தாள். அண்ணன் அவள் பக்கமே பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடும் என்று தெரியும். ஆனால் மடை திறந்துகொண்டுவிட்டது. வடிகட்டியை வாரம் இரண்டு தடவை கழுவாவிட்டால் நாற்றம் ஊரைக் கூட்டும் என்றார். கம்பளித் துணி போட்டால் பஞ்சு அடைத்துக்கொண்டு பெட்டி மூச்சுத் திணறும், பக்கவாட்டில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினால்தான் அடங்கும் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஒரு தடவை ஓட்டல் மேசைவிரிப்பு சேப்புக் கலர்ல வந்துச்சு. சாயம் போச்சு. பெட்டி அழுக்கைப் பிரிச்சுது, சாயத்தைப் பிரிக்கல. அந்தத் தண்ணியில விழுந்த லாட்ஜ் தலையணை உறையெல்லாம் ரோஸாயிடுச்சு. நான் புதுசு வாங்கிக் குடுத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல.”

“அடப்பாவி மனுஷா!” என்று அண்ணியின் குரல் வந்தது. “அந்த ரோஸ் உறையா? எனக்காக ஆசையா வாங்கிட்டு வந்தீங்கன்னுல்ல நினைச்சுப் படுத்துக்கிட்டிருக்கேன்!”

மன்றத்து அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. கடிகாரம் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

“இவ்வளவு குறை சொல்றீங்களே, அப்ப இதை எடுத்துட்டுப் போகச் சொல்லிடலாமா?”

அண்ணன் பதறிப்போய்ப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். “யாரு எடுக்கறது? தொட்டுப் பாருங்க! கோடையில தண்ணியில்லாம இந்தப் பக்கத்துச் சலவைக்கடை எல்லாம் பூட்டினாங்க. நான் ஒருத்தன்தான் திறந்து வச்சிருந்தேன். உங்க ஆஸ்பத்திரி துணியவே வெளியாளுக்குக் குடுத்தீங்கல்ல, அதுல பாதி இங்க வந்துதான் வெளுத்துச்சு. மல்லாந்து படுத்தாலும் படுப்பேன், இதை விடமாட்டேன்.”

அதிகாரி தண்ணிப் பொண்ணிடம், “எங்களுக்குப் பச்சைத் துணியும் வெள்ளைத் துணியும் ஒண்ணாதான் வரும். சாயத்தை நிறுத்த முடியுமா?” என்றார்.

“முடியும். இன்னொரு அடுக்கு வைக்கணும். எனக்கு இது தெரியவே தெரியாது சார்” என்றாள் அவள்.

“செஞ்சு முதல்ல இவர்கிட்ட குடுங்க. இவர் என்ன திட்டுறார்னு கேட்டுக்கிட்டு நான் முடிவு பண்றேன்” என்றார். போகும்போது அண்ணனிடம், “ஃபோன் பண்ணுவேன், எடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாசலில் கார் கிளம்பியதும் அவள் வெடித்தாள்.

“வாராவாரம் வந்து கேட்டேனே அண்ணா! வாராவாரம் பிரமாதம்னீங்களே! அதைக் கேட்டுட்டுப் போய் நிம்மதியாத் தூங்கியிருக்கேன் நான். அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே சரி பண்ணியிருப்பேன்ல?”

“உன் மனசு நோகுமேன்னுதாம்மா...”

“நோகும். ரெண்டு நாள் நோகும். அப்புறம் திருகாணியை முன்பக்கம் வைப்பேன்.”

அப்பாவின் விரலுக்கும் தன் பிரமாதத்துக்கும் நடுவில் இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று யாரும் அண்ணனுக்குச் சொன்னதில்லை. “தப்புதாம்மா” என்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு சாப்பிடாமலே போய்விட்டாள். சமைத்து வைத்த அண்ணி அவளைத் திட்டவில்லை, அவரைத் திட்டினார்.

புதுப் பெட்டி வர நாளாயிற்று. ஒருவழியாக வந்து இறங்கியபோது, திருகாணிகள் முன்பக்கம் வரிசையாக மின்னின. அண்ணன் நின்றபடியே மூடியைக் கழற்றினார். வயிறு இடிக்கவில்லை. ஓட்டலின் சிவப்பு விரிப்புகளைத் துவைத்துவிட்டு, அதே தண்ணீரில் வெள்ளை உறைகளைப் போட்டு எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது.

“எப்படிண்ணா?” என்றாள்.

“மூடும்போது கொஞ்சம் முனகுது” என்றார் அண்ணன் தயங்கித் தயங்கி.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, கீலைத் தளர்த்தி, எண்ணெய் விட்டாள். “இப்ப?”

அண்ணன் திறந்தார், மூடினார். காதை வைத்துக் கேட்டார். பக்கவாட்டில் தடவினார். கம்பளி போட்டு ஓட்டினார். குறை ஏதாவது அகப்படாதா என்று பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்றும் அகப்படவில்லை. இனி ஒரே ஒரு சொல்தான் மிச்சம். ஆயுசு முழுக்கப் பழகிய சொல்லைச் சொல்ல அவருக்கு முதல்முறையாகக் கூச்சமாக இருந்தது.

“பிரமாதம்” என்றார், யாருக்கும் கேட்காத குரலில்.

அவளுக்குக் கேட்டுவிட்டது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் வெளுத்த தலையணை உறை ஒன்றை நீட்டினார். மேசைமேல் அவருடைய ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரி நம்பர். அவள் உறையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“அண்ணா, இன்னொரு தடவை சொல்லுங்க.”

“எதுக்கு?” என்றார் அண்ணி, இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஒரு தடவை போதும்.”