அறுந்த கறுப்பு ஒயர்

லோதி ரோடில் ஓர் அரசு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு நான் பொறுப்பாளனாக இருந்தேன். பிரிவு என்றால் ஓர் அறை, ஒரு மேஜை, ஒரு பதிவேடு. வெளியிலிருந்து லேப்டாப் எது வந்தாலும் அதன் வயர்லெஸ் வசதியை முடக்க வேண்டும், அல்லது கழற்றி வைக்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை இருந்தது. முடக்க ஒரு சுவிட்சைத் தள்ளினால் போதும். கழற்றுவதென்றால் ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், உறை வேண்டும், முத்திரை வேண்டும், முக்கியமாக என் கையெழுத்து வேண்டும். நான் எப்போதும் கழற்றுகிற கட்சி.

இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, ஜூலையில் பார்லிமென்ட் நடந்துகொண்டிருந்த நேரம். பக்கத்துப் பிரிவில் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கிற அவசரத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. அங்கே வேலை பார்த்த நண்பர், திருநெல்வேலிக்காரர், தன் சொந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். இருப்பதிலேயே மலிவானதாகப் பார்த்து வாங்கியது. அதை அவர் வாங்கியதே மகளுக்காகத்தான். அவளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. சென்னையில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படித்தாள். போனில் பேச வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஹாஸ்டல் கம்ப்யூட்டரில் அவள் முறை வரும், கால் மணி நேரம். திரையில் முகம் பார்த்துக் கையால் பேசிக்கொள்வார்கள். அவர் குடியிருந்தது கரோல் பாக்கில், இரண்டாவது மாடி. கீழ் வீட்டுத் துணிக்கடைக்காரர் ஒரு பஞ்சாபிப் பெரியவர். விஷயம் தெரிந்ததும், கேட்காமலேயே தன் வீட்டு இன்டர்நெட் பாஸ்வேர்டைத் தாளில் எழுதிக் கொடுத்தவர்.

"பக்கத்துல சுவிட்ச் இருக்குல்லா சார், அதை அணைச்சா போதாதா?" என்று நண்பர் கேட்டார்.

"அதை யார் வேணா திருப்பிப் போட்டுடலாம். ரூல்னா ரூல்தான் சார்" என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்வதில் எனக்கு அப்போதெல்லாம் ஒரு ருசி இருந்தது.

காலையில் கழற்றியது ஒழுங்காகத்தான் நடந்தது. அடியில் சின்ன மூடி, அதற்குள் இரண்டு தபால்தலை அளவு கார்டு, அதில் சிக்னல் பிடிக்கச் செருகிய சேமியா போன்ற இரண்டு ஒயர்கள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. சாயங்காலம் திரும்ப மாட்டும்போதுதான் வினை. நாங்கள் சேர்ந்து வாடகைக்கு அமர்த்திய சார்ட்டர்ட் பஸ் ஐந்தே முக்காலுக்குக் கிளம்பிவிடும், யாருக்காகவும் நிற்காது. பதறாத காரியம் சிதறாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவன் நான். அன்று பதறினேன். அழுத்திய அழுத்தில் கறுப்பு ஒயரின் நுனி உடைந்து கையோடு வந்துவிட்டது. சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. அறுந்த முனையை உள்ளே சுருட்டி வைத்து மூடியைத் திருகினேன். பதிவேட்டில் 'சரியாகப் பொருத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இன்னொரு ஒயர் இருக்கிறதே, அது போதும் என்று பஸ்ஸில் என்னையே தேற்றிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து நண்பர் வந்தார். "படம் நின்னு நின்னு வருது சார். பிள்ள கை பாதியில நின்னுருது. என்ன சொல்லுதான்னே புரிய மாட்டேங்கு. கால் மணி நேரமும் அதுலயே போயிருது."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது. "கீழ் வீட்டுக்காரர் சிக்னலைக் குறைச்சிட்டாரோ என்னவோ. ஓசியில எத்தனை நாள் குடுப்பாங்க?"

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்துச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது. நண்பர் தலையாட்டிக்கொண்டே போனார்.

தீபாவளி முடிந்து அலுவலகம் திறந்த அன்று, சாப்பாட்டு வேளையில் அவராகவே சொன்னார். கீழ் வீட்டுக்காரர் ஸ்வீட் டப்பா கொண்டுவந்தாராம். இவர் வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாராம். "பாஸ்வேர்டைக் குடுத்துட்டுச் சிக்னலைக் கொறைச்சா என்ன சார் அர்த்தம்? அதுக்குக் குடுக்காமலே இருந்திருக்கலாம்." தயிர்சாதம் பாதி மீதி இருந்தது. டப்பாவை மூடிவிட்டேன். கூசியது என்றால் அப்படிக் கூசியது.

அந்தச் சனிக்கிழமையே நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைகளில் அலைந்து அதே மாதிரி ஒயர் வாங்கினேன். லேப்டாப்பை ஒரு தடவை பார்த்துத் தருகிறேன் என்று நண்பரிடம் சொல்லி, ஞாயிறு காலை கரோல் பாக் போனேன். கீழ் வீட்டுப் பெரியவர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாடிக்கா என்று இந்தியில் விசாரித்துவிட்டு, "பிட்டியா டீக் ஹை?" என்று மகளின் சௌக்கியம் கேட்டார். மேலே இப்போதெல்லாம் யாரும் தன்னோடு பேசுவதில்லை என்றும் சொன்னார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாடியில் லேப்டாப்பின் மூடியைத் திறந்ததும் அறுந்த முனை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த நண்பர், "என்னது சார் இது?" என்றார்.

"மட்டமான ஒயர். தானா அத்துப்போயிடும்" என்றேன். "கீழ் வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் இல்ல சார்." இதையாவது சொன்னேனே என்று நினைத்தேன். சொன்ன பிறகுதான் அது எங்கே போய் விழுந்தது என்று பார்த்தேன்.

அவர் டார்ச்சைக் கீழே வைத்தார். "அப்ப நாந்தான பாவி" என்றார். அப்படியே இறங்கிப் போனார். கீழே இரண்டு பேர் பேசும் சத்தம் கேட்டது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. அவர் மனைவி எனக்குக் காப்பி கொண்டுவந்து, "நீங்க நல்லா இருக்கணும் சார்" என்றார். நான் புது ஒயரை மாட்டி முடித்துவிட்டு அதையும் வாங்கிக் குடித்தேன்.

பத்து மணிக்கு மகள் திரையில் வந்தாள். படம் நிற்கவில்லை. அவள் கைகள் என்ன வேகம், நாலு மாதப் பேச்சு முழுவதும் கொட்டியது. நண்பர் நடந்ததையெல்லாம் கையால் சொன்னார். கீழ் வீட்டைக் காட்டிவிட்டு ஒரு காதைப் பிடித்துக் காட்டினார். மன்னிப்புக் கேட்டதைச் சொல்கிறார் என்று எனக்கே புரிந்தது. பிறகு என்னைக் காட்டி ஏதோ சொன்னார். அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள்.

என் கைகள் தாமாகவே மேலே போயின. பள்ளியில் தண்டனைக்கு நிற்கிற பையன் மாதிரி இரண்டு காதையும் பிடித்துக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டு, ஒரு காது போதும் என்று காட்டினாள். பிறகு முகம் மாறி, அப்பாவிடம் எதையோ கேட்டாள்.

"நீங்க எதுக்கு சார் மன்னிப்புக் கேக்கீங்கன்னு கேக்கா" என்றார் நண்பர்.

"சும்மா, அந்தச் சைகையைப் பழகிப் பாத்தேன்னு சொல்லுங்க."

அவர் அப்படியே கையால் சொன்னார். அவள் நம்பிவிட்டாள்.