மத்திகிரி கேரவனும் வெற்றிலை மாற்றிய பிறகு திறந்த கதவும்

போன மாதம் எங்கள் தெருக்காரர் ஒருவர் பழைய கேரவன் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். உள்ளே ஏறிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். போட்டோவில் பார்த்தேன் என்றார். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஐம்பத்தேழாம் வருடம் தை மாதம் நாங்களும் அப்படி ஒன்று வாங்கப் போனோம். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அன்றைக்கு அடைந்த அதிர்ச்சி இன்னும் முழுதாக ஆறவில்லை.

பாரூர் ஏரிக் கால்வாய்க் கரையில் வழுக்கி விழுந்து என் மாமியாருக்கு இடுப்பு போய்விட்டது. கால் மணி நேரம்கூட உட்கார முடியாது. ஆனால் திருப்பதிக்கு வேண்டுதல் பாக்கி. படுத்தபடி போகிற வண்டி இருந்தால் சொல்லு, இல்லாவிட்டால் பேசாதே என்று என்னிடம் எரிந்து விழுவார். மத்திகிரியில் எஸ்டேட் துரை ஒருவர் கட்டில், அலமாரி எல்லாம் வைத்துக் கட்டிய வீட்டு வண்டியை விட்டுவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார், அதை வாங்கி வைத்திருக்கும் கிருஷ்ணப்பா என்ற நிலக்காரர் விற்கிறார் என்று எங்கள் வீட்டுக்காரர் கிருஷ்ணகிரிச் சந்தையில் கேள்விப்பட்டு வந்தார். துரை காரில் பூட்டி இழுத்தார், நாம் மாடு பூட்டிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

வியாழக்கிழமை காலை பாரூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் பதினேழு மைல், மாட்டு வண்டியில். அங்கிருந்து ஓசூருக்கு முப்பது மைல் சொச்சம், பஸ்ஸில் ஆளுக்கு ஒரு ரூபாய். சூளகிரியில் நின்றபோது காப்பி குடித்தோம், ஆறின காப்பி. ஓசூர்ச் சத்திரத்தில் தங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு மத்திகிரிக்கு ஜட்கா பிடித்தோம். நாலு மைல், பன்னிரண்டு அணா. இன்று அந்தப் பக்கம் முழுக்கக் கம்பெனி மதில்கள். அன்றைக்கு ராகிக் கொல்லையும் புளியமரமும்தான்.

ஜட்காக்கார பாய் பாதி வழியில் கேட்டார். "கிருஷ்ணப்பா வண்டி வாங்கவா போறீங்க? வண்டி மட்டுமா?"

"வேற என்ன இருக்குது பாய்?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"எனக்கென்ன தெரியும். கதவத் தொறந்து பாத்துட்டு வாங்குங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

இவர் சிரித்துவிட்டு, பாய்க்கு வேறு யாரோ கமிஷன் கொடுத்திருப்பார்கள் என்று என் காதில் சொன்னார். அந்தச் சிரிப்பை நான் அவரிடம் கடைசிவரை சொல்லிக் காட்டினேன்.

பத்தேகாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். கிருஷ்ணப்பா வெள்ளிப் பொத்தான் சட்டையும் பச்சைக்கல் மோதிரமுமாக வந்தார். எங்களுக்குக் கொடுத்த மோரில் உப்பில்லை. வண்டி தொழுவத்தை ஒட்டி நின்றது. நல்ல ரப்பர் சக்கரம், தகரக் கூரை, மரப்பலகைச் சுவர். ஜன்னல் பலகைகள் மூடியிருந்தன. பக்கத்துக் கொக்கியில் ஒரு வெள்ளைப் புடவை ஈரமாகத் தொங்கியது.

"இங்க புடவை காயுதுங்க," என்றேன் இவரிடம்.

"பெரிய குடும்பம். எங்கயாச்சும் காயும்," என்றார்.

இவர் கதவைத் திறக்கச் சொன்னார். கிருஷ்ணப்பா இடுப்பைத் தடவினார். "சாவி எங்கயோ வெச்சுட்டேன். பத்தரைக்கு ராகு காலம் வந்துரும். மொதல்ல தாம்பூலம் மாத்திக்கலாம், அப்பறம் நிதானமா பாருங்க. அறுநூத்தம்பது ரூபா. உள்ள இருக்கறது எல்லாம் சேத்துதான் வெல. ஒரு ஆணிகூட நான் எடுக்க மாட்டேன்."

எங்கள் ஊர்ப்பக்கம் வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டால் பேச்சு முடிந்தது. தலை போனாலும் மாற முடியாது. அது தெரிந்தும், ராகு காலத்துக்குப் பயந்து இவர் அவசர அவசரமாகத் தட்டில் பணத்தை வைத்து வெற்றிலையை மாற்றினார்.

மாற்றின கையோடு கிருஷ்ணப்பா போய்க் கதவைத் தட்டினார். சாவியாவது ஒன்றாவது. "அத்திகே, வெளிய வா. வண்டி வித்தாச்சு." கன்னடத்தில் அத்திகே என்றால் அண்ணி.

கதவு உள்ளேயிருந்து திறந்தது. முப்பது வயதிருக்கும், நெற்றியில் பொட்டில்லாத ஒரு பெண் நின்றாள். அவளுக்குப் பின்னால் அடுப்பு, சுருட்டிய பாய், துரை முகம் கழுவின பீங்கான் தொட்டியில் ஒரு துளசிச் செடி. யாரோ குடியிருக்கும் வீட்டை வாங்கியிருக்கிறோம்.

பெயர் லட்சுமம்மா. வேப்பனப்பள்ளிக்காரி. புருஷன் போனதும், கொஞ்ச நாளைக்கு என்று சொல்லி கொழுந்தன் கிருஷ்ணப்பா வண்டியில் குடி வைத்தானாம். மூன்று வருடம் ஆகிவிட்டது. விற்கப்போவதை அவளிடம் சொல்லவே இல்லை.

"இவங்க எங்க போவாங்க?" என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டார்.

"தொழுவத்துல ஒரு ஓரம் ஒதுக்கி வெச்சிருக்கறேன். அது எங்க வீட்டு விஷயம்."

"பணத்தக் குடுத்துருங்க. எங்களுக்கு வண்டி வேண்டாம்."

"தாம்பூலம் மாத்தியாச்சே," என்றார் அந்த மனுஷன், மோதிரத்தைத் திருகிக்கொண்டே.

லட்சுமம்மா படியில் உட்கார்ந்தாள். அழவில்லை. "ஜன்னலுக்குப் பின்னாடிதான் இருந்தேன், எல்லாம் கேட்டேன். உள்ள இருக்கறது எல்லாம் சேத்துன்னு சொன்னியே கிருஷ்ணப்பா. நீ பேசறப்ப நான் உள்ளதானே இருந்தேன்? என்னையும் சேத்துதான் வித்திருக்கற. தாம்பூலம் மாத்தியாச்சு, இனி நீ மாத்திப் பேச முடியாது."

அந்த ஆள் மோதிரத்தைத் திருகுவதை நிறுத்தினார். இவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்குத் தொழுவம்தான். தொழுவத்தைப் பார்த்தேன். சாணி அள்ளாமல் கிடந்தது.

"மாடு பூட்டச் சொல்லுங்க," என்றேன். வெளி ஆட்கள் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு ஜோடி மாடு வாடகைக்குப் பிடித்தோம். ஊர் வந்து சேர மூன்று நாள். மூன்றாவது படியில் ஆணி கழன்றிருக்கும், பார்த்துக் கால் வை என்று வழியெல்லாம் லட்சுமம்மா எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பாரூரில் மாமியார் கட்டிலிலிருந்தே தலை தூக்கிப் பார்த்தார். "யாருடி இது?"

"வண்டியோட வந்தவங்க அத்தை."

"நான் குறட்டை விடுவேன், சொல்லிட்டேன்."

"மூணு வருஷமா மாடு கத்தறதுல தூங்கினவ நான்," என்றாள் லட்சுமம்மா.

மாசியில் இரண்டு பேரும் அந்த வண்டியிலேயே திருப்பதி போய் வந்தார்கள். அதற்குப் பிறகு வண்டி எங்கள் மாந்தோப்பில் நின்றது. அதில் இருந்தவளும் அங்கேயே இருந்தாள்.

வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். நல்ல நேரம் நாளைக்கும் வரும். சக்கரத்தைப் பிறகு பாருங்கள், முதலில் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். கொக்கியில் துணி காய்ந்தால் யாருடையது என்று கேளுங்கள். சாவி இல்லை என்றால் திரும்பி நடங்கள். வண்டி ஓட்டி வருகிறவர் ஏதாவது சொன்னால் சிரிக்காதீர்கள்.

இரண்டு வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பத்தரை மணிக்குச் சற்று முன்னால், கிருஷ்ணப்பா பத்திரத்தோடு எங்கள் தோப்புக்கு வந்தார். அண்ணன் பங்கு நிலத்தை விற்க அண்ணியின் கைநாட்டு வேண்டுமாம். கதவைத் தட்டினார். நான் ஒரு மரத்தடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சாவி எங்கயோ வெச்சுட்டேன்," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ராகு காலம் முடியட்டும், தேடிப் பாக்கறேன்."

பன்னிரண்டு மணி வரை வெயிலில் உட்கார்ந்திருந்தார். பிறகும் கதவு திறக்கவில்லை. நான் அவருக்கு மோர் கொடுத்தேன், உப்பில்லாமல்.