மூன்று நாள் சொல்லக்கூடாத வார்த்தை

எழுதத் தெரிந்தவர்கள் எழுதும் இடத்தில் நுழைகிறேன், மன்னியுங்கள். ஆம்பூரில் பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூசுவேன். இத்தாலியில் எனக்குப் பேச ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

இங்கே எங்கள் தெரு ரொட்டிக் கடைக்காரம்மா போன மாதம் ரொட்டி நறுக்கும் மெஷின் வாங்கினாள். வருகிறவர்களிடமெல்லாம் "ஸ்வோல்தா!" என்றாள். மாடி வீட்டுக் கிழவர் புதுப் பல்செட் போட்டுக்கொண்டு வந்த அன்றும் அதே வார்த்தைதான். இழுத்துக்கொண்டே இருந்த ஒன்று திடீரென்று நல்லபடியாகத் திரும்பினால், அதற்கு ஸ்வோல்தா என்று பெயர். அந்த நிமிஷமே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். நான் காதில் விழாதது மாதிரி நடந்துவிடுவேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். டேபிளில் பசை தடவும் பெண்ணைத் தையலுக்கு மாற்றினால் "மெஷின் ஏறிட்டா" என்போம். எங்கள் பக்கத்தில் காய்ச்சல்காரர் எழுந்து உட்கார்ந்தாலும் மெஷின் ஏறிட்டார்தான். ஆனால் மூன்று நாள் கழித்துத்தான் அதைச் சொல்ல வேண்டும். அதற்குள் சூப்பர்வைசர் திருப்பி அனுப்பிவிடலாம். நான் ஏறிய முதல் நாளே லைன் முழுக்க மக்கன் பேடா கொடுத்தேன். மறுநாள் நான் தைத்ததெல்லாம் ரிஜெக்ட். மறுபடியும் டேபிள். "இன்னாடி, தின்ன பேடா செரிக்கறதுக்குள்ள எறங்கி வந்துட்டே?" என்று எதிரே இருந்தவள் கேட்டாள். லைனே சிரித்தது.

ஐந்து மாதம் முன்பு என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. ஆம்பூரிலும் சரி, இங்கேயும் சரி, தோல் பதனிடும் ஷாப்பில் தோலின் கனம் பார்ப்பதுதான் அவர் வேலை. கால் கொஞ்சம் தேறியது, பேச்சு வரவில்லை. வாரம் இரண்டு நாள் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். முன்னேற்றம் இல்லையென்றால் நிறுத்திவிடுவதாக டாக்டர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை அவர் வந்து பார்த்து முடிவு செய்வதாக இருந்தது. அதை நிறுத்திவிட்டால் இந்த மனிதரை நான் எங்கே கொண்டுபோய்ப் பேச வைப்பேன்?

வியாழக்கிழமை பயிற்சி கொடுக்கும் பெண் லூச்சியா படங்களைக் காட்டிக் காட்டி அலுத்துப்போய், அவர் வேலையைக் கேட்டுக் கொண்டுவந்திருந்த ஒரு தோல் துண்டைப் பையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். முகம் சுளித்தார்.

"கம்மி" என்றார்.

ஐந்து மாதத்தில் முதல் வார்த்தை. கனம் குறைவு என்கிறார் என்று விரலால் காட்டினேன். லூச்சியா தானும் தடவிப் பார்த்தாள். "ஸ்வோல்தா! ஸ்வோல்தா!" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் கையை விலக்கியதைப் பார்த்து, சந்தோஷம் இல்லையா என்றாள். எனக்குத் தெரிந்த இத்தாலியனில் "மூன்று நாள்" என்றேன். லீவு கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "முடியாது, நாளைக்கே டாக்டர் வருகிறார்" என்று சொல்லிவிட்டு, அந்தத் தோல் துண்டை அவரிடமே கொடுத்தாள்.

வாயைக் கட்டிக்கொண்டுதான் வீடு வரை வந்தேன். கதவைத் திறந்ததும் முடியவில்லை. ஆம்பூரில் இருக்கும் நாத்தனார் செல்விக்குப் போன் போட்டேன்.

"இன்னா அண்ணி சொல்ற! அண்ணன் பேசிச்சா? இன்னா பேசிச்சு?"

"கம்மின்னாரு."

"அது போதும் அண்ணி! எங்கண்ணன் மெஷின் ஏறிடுச்சு!"

"செல்வி, மூணு நாள் யார்கிட்டயும் சொல்லாத."

"நீ இன்னும் அந்தப் பேடாவையே நெனச்சினு இருக்கியா? போன வை, கடைக்குப் போய்ட்டு வர்றேன்."

அரை மணியில் போட்டோ வந்தது. எங்கள் தெரு, எங்கள் வாசல், மக்கன் பேடா டப்பா, அதைச் சுற்றிப் பத்துப் பதினைந்து கைகள். அங்கே என் வீட்டுக்காரர் பேசிவிட்டார். இங்கே என் எதிரில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வாய் திறக்காமல் அந்தத் தோலைத் தடவிக்கொண்டிருந்தார். போட்டோவை அவரிடம் காட்ட எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் டாக்டர் வந்தார். லூச்சியா என் வீட்டுக்காரரிடமிருந்து அதே தோல் துண்டை வாங்கி, மறுபடி அவர் கையில் வைத்தாள். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் கால் மணி நேரம் பார்த்துவிட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டியதில்லை என்றார்.