தேவராஜ் மேஸ்திரி துடைத்த பிளக்

தேவராஜ் மேஸ்திரி இறந்த செய்தியை எனக்குச் சொன்னவன் இஸ்மாயில். “மேஸ்திரி போய்ட்டாரு, குமரேசா. நெஞ்சுவலியாம். நான் கெளம்பிட்டேன், நீ வர்றியா?” என்றான். அந்த மனிதரால் தொழிலையே இழந்தவன் அவன். அவன் எனக்கு முன்பே கிளம்பிவிட்டதில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

இரங்கல் கூட்டத்துக்கு எழுதித் தரச் சொன்ன மெக்கானிக் நண்பர்களே, அவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதச் சொன்னீர்கள். இருந்த நல்லதை முதலில் எழுதிவிடுகிறேன். ஆம்பூர் பைபாஸ் ஓரம் இருந்த அவருடைய ஒர்க்‌ஷாப்பில்தான் நானும் இஸ்மாயிலும் வேலை பார்த்தோம். இஞ்சின் லைட் எரிகிறது என்று வண்டி வந்தால், மற்ற இடங்களில் சைலன்சர் குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுவார்கள். அவர் விடமாட்டார். ஸ்கேனரைச் சொருகி, இஞ்சின் சூடேறும்வரை காத்திருந்து, சென்சாரின் வோல்டேஜ் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஏறாமல் கீழேயே கிடந்தால் லீன்; காற்று ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி. “சென்சார மாத்தாதீங்கடா, அது சொல்றத கேளுங்க” என்பார்.

அவர் மனிதர்கள் சொல்வதைக் கேட்டதில்லை.

ராணிப்பேட்டையில் தோல் கெமிக்கல் வியாபாரம் செய்யும் ஒருவரின் கார் வந்தது. ஸ்கேனர் லீன் என்றது. மேஸ்திரி காற்றுக் குழாய்களைச் சோதித்தார், இஞ்செக்டர்களைச் சுத்தம் செய்தார், பெட்ரோல் பம்ப்பையே மாற்றினார். கார் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியாக வந்தபோது பிளக்கைக் கழற்றிய இஸ்மாயில், “மேஸ்திரி, பிளக்கு கரி புடிச்சிக் கெடக்குது. பெட்ரோல் கம்மியா போனா வெளுத்துல்ல இருக்கணும்? காலையில ஸ்டார்ட் பண்ணப்போ சைலன்சர் பக்கம் டிக் டிக்குன்னு சத்தம் வேற வந்துச்சு” என்றான்.

“ஸ்கேனர் ஒண்ணு சொல்லுது, உன் காது ஒண்ணு சொல்லுதா? காதால வைத்தியம் பாக்கறதுன்னா வேற எங்கனா போய்ப் பாரு.”

இஸ்மாயில் பிளக்கைத் திரும்ப மாட்டி, இஞ்சினை ஓடவிட்டு, சைலன்சர் குழாய் இஞ்சினோடு சேரும் இடத்தருகே கையை நீட்டினான். புகை அவன் விரல்களில் அடித்தது. இணைப்பை அடைக்கும் கேஸ்கெட் விட்டுப்போயிருந்தது. அதே இடுக்கு வழியாக வெளிக்காற்றும் உள்ளே போய்ச் சென்சாரில் பட்டிருக்கிறது. சென்சார் பொய் சொல்லவில்லை. குழாயில் ஆக்சிஜன் இருந்தது உண்மைதான். ஆனால் அது இஞ்சின் விட்ட மூச்சு இல்லை. அந்த அளவை நம்பி வண்டி பெட்ரோலை அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி எல்லாவற்றையும் பார்த்தார். பிளக்கைத் தானே கழற்றினார். பனியன் துணியை எடுத்து, கரி போகத் துடைத்து மாட்டினார். அந்தக் கரிதான் சாட்சி, அதை அழிக்கிறார் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கார்க்காரர் வந்ததும் மேஸ்திரி, “நம்ம ஆளு கழட்டறப்போ கேஸ்கெட்ட ஒடச்சிட்டான் சார். இனிமே அவன் இங்க இருக்கமாட்டான்” என்றார்.

“பொய் சார். அது மொதல்லயே போயிருந்துச்சு. கண்டுபுடிச்சதே இவன்தான்” என்றேன்.

“உங்க சண்டைய அப்பறம் வச்சிக்கோங்க. வண்டி ரெடியா?” என்றார் அவர்.

அன்றே நாங்கள் இருவரும் வெளியே வந்தோம். நான் வாணியம்பாடியில் ஷெட் போட்டேன். இஸ்மாயிலை ஆம்பூரில் எந்த ஒர்க்‌ஷாப்பும் சேர்க்கவில்லை. “அவனுக்குக் கை சுத்தமில்ல, எதத் தொட்டாலும் ஒடப்பான்” என்று மேஸ்திரி சொல்லிவைத்திருந்தார். அதை நம்பியவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறீர்கள். நான் கூப்பிட்டும் அவன் வரவில்லை. இனி இஞ்சினைத் தொடப்போவதில்லை என்று ஷூ கம்பெனியில் அட்டைப்பெட்டி கட்டப் போய்விட்டான்.

சாவு வீட்டில் அவன் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். “உனக்கு ரோஷமே இல்லையாடா?” என்று கேட்டேன்.

“ஒரு நாள் வந்து, ‘தப்பு என்னுதுதான்டா’ன்னு சொல்வாருன்னு பாத்துக்கினே இருந்தேன். இனிமே வரமாட்டாரு. அத ஒரு தடவ கண்ணால பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றான்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இவ்வளவுதான்: ரீடிங் நிலைக்கும்வரை காத்திருக்கும் பொறுமை, கூடவே அவர்மேல் இருக்கும் இந்தக் கோபம். இதை ஆற்றிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. என் ஷெட்டில் யாராவது “அண்ணா, அது இல்ல” என்றால் எனக்கும் முதலில் சுருக்கென்றுதான் இருக்கிறது. உடனே மேஸ்திரியின் முகம் வந்து நிற்கும். ஸ்கேனரைக் கீழே வைத்துவிட்டு, “சொல்லு” என்பேன்.