ஐம்பது வீட்டுக் கூறு

அபிராமபுரத்தில் மீன் விற்க வரும் காவேரி வருமான வரித்துறையின் ஆள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஆடியில் கிளம்பி, ஆவணி பிறப்பதற்குள் மூன்று தெருக்களைச் சுற்றிவிட்டது. முதல் தெருவில் வருமான வரி. இரண்டாவது தெருவில் பிள்ளை பிடிக்கும் கும்பலுக்கு வேவு. மூன்றாவது தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் மீன்காரியே இல்லை, எம்.எஸ்சி. படித்தவள், மீன் சுமக்கும் தேக்சாவில் சங்கராவுக்கு அடியில் கேமரா இருக்கிறது என்றாகிவிட்டது. அந்தக் கேமராவின் சிவப்பு விளக்கைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர். அவர் பார்த்தது செவுள்.

விசாரித்துப் பார்த்ததில், வருமான வரித்துறைக்கும் காவேரிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வரி கட்டுகிற அளவுக்கு வருமானம் வந்தால் அவளே அதிகாரியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டுவாள். பிள்ளை பிடிப்பதும் பொய், கேமராவும் பொய். ஆனால் வீடு வீடாக மணி அடித்து, கேள்வி கேட்டு, பதிலை எழுதிக்கொண்டாள் என்பது மட்டும் சத்தியமான உண்மை. கேட்கச் சொன்னது பன்னிரண்டாம் வகுப்புப் புள்ளியியல் பாடம்.

காவேரிக்கு நாற்பத்தொரு வயது. பட்டினப்பாக்கம் குப்பத்தில் ஓர் அறையும், அறை என்று சொல்லிக்கொள்ளும் இன்னொன்றும் உள்ள வீடு. கணவன் பக்கிரி ஃபைபர் படகில் போகிறவன். கரையில் வாய் திறக்கமாட்டான். கடலில் எப்படியோ தெரியாது. அபிராமபுரத்தின் நான்கு தெருக்களில் பதினெட்டு வருஷமாகத் தலையில் அலுமினியத் தேக்சாவோடு நடந்துவருகிறாள். யார் வீட்டில் மாமியார் ஊருக்குப் போனால் கருவாடு வாங்குவார்கள், யார் சமையலறை ஜன்னல் வழியாக மட்டும் வாங்குவார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஐந்தாவது வரை படிப்பு. எழுத்து கொஞ்சம் முரண்டு பிடிக்கும், எண் முரண்டு பிடிக்காது.

ஒரே மகள் நிலா, மயிலாப்பூரில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் பன்னிரண்டாவது. அவள் பிளஸ் டூ முடிக்க வேண்டும், அவள் தலையில் இந்தத் தேக்சா ஏறக்கூடாது. காவேரிக்கு வேண்டுதல் என்று இருந்தது இது ஒன்றுதான்.

புள்ளியியல் ஆசிரியர் மரியசெல்வம் ஜூன் மாதமே ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்திருந்தார். 'மாணவர்களிடம் எதிர்பார்க்கப்படுபவை' என்று தலைப்பு. ஒரு பாடவேளைக்கு வீட்டில் ஒரு மணி நேரம் படிக்க வேண்டும். தினமும் பெற்றோர் கையெழுத்து வாங்க வேண்டும். அடித்தல் திருத்தல் கூடாது. அமைதியும் வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள தனி இடத்தில், மேசை போட்டு உட்கார்ந்து படிக்க வேண்டும்.

நிலா வாசித்துக் காட்டியபோது காவேரி கேட்டாள்: "இது படிக்கறதுக்கா, வூடு வாடகைக்கு வுடறதுக்கா?"

கடைசி வரிதான் சிரிக்கவிடவில்லை. 'ரெக்கார்டு நோட்டில் ஆசிரியர் கையெழுத்து இல்லாதவர் செய்முறைத் தேர்வுக்கு அனுமதிக்கப்படமாட்டார்.' செய்முறைத் தேர்வு போனால் பிளஸ் டூ போயிற்று. அதற்குமேல் காவேரிக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆடி மாதத்து வீட்டுப்பாடம் இப்படி வந்தது: ஐம்பது வீடுகள் கொண்ட கூறு ஒன்றை எடுத்து, அவ்வீட்டு மாணவர்கள் தினமும் எத்தனை மணி நேரம் படிக்கிறார்கள் எனக் கேட்டறிந்து, சராசரியும் திட்ட விலக்கமும் காண்க. வெள்ளிக்கிழமைக்குள் ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்துப் பெறுக.

இறால் உரித்துக்கொண்டிருந்த காவேரியின் காதில் ஒரே ஒரு வார்த்தைதான் விழுந்தது.

"இன்னாது, கூறா? இன்னா மீனு?"

"மீன் இல்லம்மா, வீடு. ஊருல கீற எல்லா வீட்டையும் கேக்க முடியாதுல்ல? கொஞ்சம் மட்டும் எடுத்துக் கேட்டா மொத்தமும் தெரிஞ்சிடும். அதுக்குப் பேரு கூறு."

"அடிப்பாவி, அதத்தானே நான் தெனம் பண்ணிக்கினு கீறேன்! மேல நாலு பெருசா வெச்சி அடியில பொடிசத் தள்ளிவுட்டா, பாக்கறவனுக்கு மொத்தமும் பெருசாத் தெரியும்."

"அதுக்குப் பேரு சார்பு. அப்படிப் பண்ணா சார் மார்க் கட் பண்ணிடுவாரு."

"எனக்கு எவனும் கட் பண்ணதில்ல. கூறு வித்துப்பூடும்."

நிலாவால் போய்க் கேட்க முடியாது. சிறப்பு வகுப்பு முடிந்து வீடு திரும்பவே ஆறரை ஆகிறது. போன மாதம் வேறொரு கணக்கெடுப்புக்காகச் சீருடையோடு ஓர் அடுக்குமாடிக்குப் போனபோது, வாசல் காவலாளி அவளைப் பினாயில் விற்க வந்தவள் என்று விரட்டிவிட்டான்.

"நீ போவாத. நான் கேட்டுக்கினு வரேன். நான் ஏறாத வாசலா?" என்றாள் காவேரி.

நிலா நிபந்தனை போட்டாள். "மீன் வாங்கற வீடாப் பாத்துக் கேக்கக்கூடாது. அதுவும் சார்புதான். தெருமுனையில ஆரம்பிச்சு மூணாவது மூணாவது வீடாக் கேக்கணும். சைவக்காரங்க வீடு வந்தாலும் வுடக்கூடாது. அப்புறம், நீ பாத்தத எழுதாத. அவங்க சொல்றத எழுது."

திங்கட்கிழமை தெரு அந்த அதிசயத்தைப் பார்த்தது. காவேரி விரல் விட்டு வீடுகளை எண்ணிக்கொண்டே நடந்தாள். பதினெட்டு வருஷத்து வாடிக்கைக்காரி ஒருத்தி மாடியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"காவேரி, நெத்திலி இருக்கா?"

"நீங்க ரெண்டாவது வூடும்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாசலில் தேக்சாவை இறக்கி வைத்துவிட்டு மணி அடித்தாள்.

கதவைத் திறந்த மாமி புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டாள். "நாங்க இதெல்லாம் வாங்கறதில்லேம்மா. ஆம் மாறி வந்துட்டே."

"விக்க வரலம்மா. உங்க புள்ள தெனம் எத்தினி மணி நேரம் படிக்குதுன்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

பாதி சாத்திய கதவு நின்றது. வாசலில் நிற்பது யாராக இருந்தாலும் பதில் சொல்லாமல் விடமுடியாத கேள்வி என்று அபிராமபுரத்தில் ஒன்று உண்டென்றால், அது இதுதான்.

"எம்பேரன் ஆத்துல இருக்கற நேரமெல்லாம் படிச்சுண்டேதான் இருப்பான். பன்னெண்டு மணி நேரம்னு போட்டுக்கோ. ஆமா, ஏன் கேக்கறே? யாரு கேக்கச் சொன்னா?"

அந்தப் பேரனைத் தினமும் மூலை டீக்கடையில் போனும் கையுமாகப் பார்த்து வருகிறவள் காவேரி. பேனா ஒரு நொடி தயங்கியது. பார்த்ததை எழுதக் கூடாதே. பன்னிரண்டு என்று எழுதினாள். யார் கேட்கச் சொன்னார்கள் என்பதற்கு நிலா பதில் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

"மேலெருந்து கேட்டுக்கீறாங்கம்மா" என்றாள், மரியாதையாக இருக்கட்டும் என்று.

வருமான வரித்துறை பிறந்த இடம் அதுதான்.

மூன்று வீடு தள்ளி இருந்த அம்மாள் பதில் சொல்வதற்குமுன் "அந்த மாமி எவ்வளவு சொன்னாங்க?" என்று விசாரித்துக்கொண்டு, "அப்ப எங்க பையனுக்குப் பதினாலு" என்றாள். ஒரு வீட்டில் இன்னும் எல்.கே.ஜி. சேராத குழந்தைக்கு நான்கு மணி நேரம் போடச் சொன்னார்கள். கால் கடுக்க நாலு நாள். அத்தனை வீட்டில், அடுக்குமாடியில் இருக்கும் வாடிக்கைக்காரி ரூபீனா ஒருத்திதான் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"முட்டை போடு காவேரிக்கா. பெரிய முட்டையாப் போடு. எம் புள்ள புஸ்தகத்தத் தொட்டு பக்ரீத்தோட பக்ரீத் ஒரு வருஷம் ஆச்சு."

காவேரி பெரிய முட்டையாகவே போட்டாள்.

வெள்ளி காலையில் நிலா எண்ணிப் பார்த்தபோது நாற்பத்தொன்பதுதான் இருந்தது.

"ஒண்ணு குறையுதும்மா."

"நம்ம வூடு கீதே, போடு."

நிலா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெரியாதவளிடம் கேட்பதுபோல் கேட்டாள்: "உங்க வீட்டுப் பிள்ளை தினமும் எத்தனை மணி நேரம் படிக்குதுங்க?"

தண்ணி லாரி போனபிறகு, பக்கத்து வீட்டு டிவி அணைந்தபிறகு, ஒன்றரை மணி நேரம். காவேரிக்கு நிமிஷக் கணக்காகத் தெரியும்.

"அஞ்சு" என்றாள்.

நிலா அம்மாவின் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு ஐந்து என்று எழுதினாள்.

அன்று மதியமே பெற்றோரை அழைத்துவரச் சொல்லிவிட்டார்கள். தேக்சாவைப் பள்ளி வாசலில் இளநீர்க் கடையில் ஒப்படைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்தபடி காவேரி ஆசிரியர் அறைக்குள் போனாள். மரியசெல்வம் கெட்டவர் இல்லை. அறுபத்திரண்டு ரெக்கார்டு நோட்டும் ஒரு ஆறிப்போன டீயும் அவர் முன்னால் இருந்தன. காவேரி எழுதிய தாளை இரண்டு விரலால் பிடித்திருந்தார். அதில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.

"இதை யாரும்மா எழுதினது?"

"நாந்தான் சார்."

"வீட்டுலயே உக்காந்து எழுதினதுதானே?"

"அய்ய, இன்னா சார்! ஒவ்வொரு படியா ஏறி எறங்கிக் கேட்டுக்கினு வந்தேன்."

"பதினாலு மணி நேரம் படிக்கிறானாம் ஒருத்தன். ஸ்கூல்ல ஏழு மணி நேரம். மிச்சம் மூணு மணி நேரத்துல குளிச்சு, சாப்பிட்டு, தூங்கி எழுந்திருக்கான். நம்பற மாதிரி இருக்கா?"

"அத அந்தம்மாவாண்டதான் கேக்கணும் சார்."

"அவங்க சொன்னா நீங்க எழுதிடுவீங்களா?"

காவேரி பக்கத்தில் நின்ற நிலாவைப் பார்த்தாள். நிலா தரையைப் பார்த்தாள்.

"இதோ ஒரு பூஜ்யம். எந்த அம்மாவாவது தம் பிள்ளைக்குப் பூஜ்யம்னு சொல்லுவாளா?" விரல் கீழே இறங்கியது. "ஐம்பதாவது வீடு, அஞ்சு. இந்த ஒண்ணுதான் நம்பற மாதிரி இருக்கு."

காவேரி கையை நீட்டித் தாளில் இருந்த செதிலை எடுத்துக்கொண்டாள்.

அவர் இன்னொரு நோட்டைப் பிரித்துக் காட்டினார். கிஷோர் என்ற பையனுடையது. சராசரி மூன்று புள்ளி ஒன்று. வரைபடம் கோயில் மணி கவிழ்த்த மாதிரி அழகாக இருந்தது. அது கிஷோருக்கு அவன் அண்ணனிடமிருந்து வந்தது. அண்ணனுக்கு ஒரு சீனியரிடமிருந்து. முதன்முதலில் யார் போய்க் கேட்டார்கள் என்று இன்று யாருக்கும் தெரியாது. அந்த ஐம்பது வீடுகளில் பாதியை இடித்து அடுக்குமாடி கட்டி, அதற்கும் பெயின்ட் உரிந்திருக்கும்.

"இப்படித்தான் வரணும். எல்லாருக்கும் மூணு, மூணே கால்தான் வந்திருக்கு. உங்களுக்கு மட்டும் எப்படி ஆறரை வரும்? ஒவ்வொரு வீட்டுலயும் கையெழுத்தும் போன் நம்பரும் வாங்கிட்டு வாங்க. திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடறேன்."

சனிக்கிழமை காவேரி தாளையும் பேனாவையும் நீட்டியதும் மாமியின் முகம் மாறிவிட்டது. "கையெழுத்தா? நான் அப்பவே நெனைச்சேன்" என்று கதவைச் சாத்தினாள். பதினாலு மணி நேரத்து அம்மாள் தனக்குப் பிள்ளையே இல்லை என்றாள். பத்து மணிக்குக் குடியிருப்போர் சங்கத்து வாட்ஸ்அப்பில் செய்தி போய்விட்டது. ரூபீனா குடியிருக்கும் அடுக்குமாடியின் கேட்டில் காவலாளி சின்னப்பையன் கையைக் குறுக்கே நீட்டினான். அவனுக்கு வயது அறுபத்திரண்டு.

"உள்ள வுடக்கூடாதுன்னு செக்ரட்டரி சொல்லிட்டாரு காவேரி. குரூப்புல உன் போட்டோ கீது."

"எம் போட்டோவா? சோக்காக் கீறனா?"

"தேக்சாதான் சோக்காக் கீது."

ரூபீனா ஸ்கூட்டியில் வெளியே வந்தவள் வண்டியை நிறுத்தினாள். "என்னக்கா, முட்டைக்கு ரசீது வேணுமா? குடு." சீட் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டு நம்பரும் எழுதினாள். "இதுக்கு எனக்கு என்ன தருவே?"

"வஞ்சிரத் தலை ஒண்ணு. அடுத்த தபா வரசொல்ல எட்தாரேன்."

"தலை பெருசா இருக்கணும், ஆமா."

மாலைவரை நான்கு தெருவிலும் நடந்ததில் கிடைத்தது அந்த ஒரு கையெழுத்துதான்.

ஞாயிறு சாயங்காலம் நிலா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிஷோரின் நோட்டு விரிந்திருந்தது.

"இன்னா எழுதிக்கினு கீற?"

"வீட்டுப்பாடம்."

"எந்த வூட்டுது?"

"தெரியல. யாரு வீடோ."

காவேரி பக்கத்தில் உட்கார்ந்து, கிஷோரின் நோட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மகளுக்குக் கழுத்து வலிக்காமல் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லத் தொடங்கினாள். "மூணு… ரெண்டரை… மூணு… நாலு…"

இருபது வீடு தாண்டியதும் நிறுத்தினாள். "இதுல ஒருத்தரும் பொய் சொல்லலடி."

"யாரையும் கேக்கவே இல்லையேம்மா."

திங்கட்கிழமை மரியசெல்வம் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் 'நன்று' என்று எழுதிக்கொடுத்தார். காவேரி எழுதிய தாள், ரூபீனாவின் போன் நம்பரோடு, வகுப்புக் குப்பைத் தொட்டிக்குப் போனது.

அபிராமபுரத்துக்குக் காவேரி இப்போது போவதில்லை. அவள் வராமல் போனதால் பேச்சு உறுதிப்பட்டுவிட்டது; மாட்டிக்கொண்டாள், வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்கிறார்கள். மந்தைவெளிப் பக்கம் ஒரு மூலையில் உட்கார்ந்து விற்கிறாள். அங்கே அவளுக்கு யாரையும் தெரியாது. முன்னே விற்றதில் பாதிகூடப் போவதில்லை. நடைபாதையில் உட்கார்ந்து விற்பதற்கு ஆள் இரண்டு வேண்டும், ஒருவர் வெட்ட, ஒருவர் எடை போட. அதனால் காலை ஐந்தரை மணியிலிருந்து எட்டுவரை நிலா வருகிறாள். பஸ் நிறுத்தத்திலிருந்து மூலைவரை தேக்சாவைத் தூக்கி வருவது அவள்தான்; அம்மாவுக்கு முழங்கால் ஒத்துழைப்பதில்லை. வீட்டில் படிக்கிற ஒன்றரை மணி நேரத்தில் தூக்கம் முக்கால் மணியை எடுத்துக்கொண்டுவிட்டது. ஜெராக்ஸ் தாள் கேட்கிறபடி தினமும் பெற்றோர் கையெழுத்து மட்டும் தவறாமல் விழுகிறது.

போன வாரம் வஞ்சிரம் வந்தது. காவேரி ஒரு தலையைத் தனியாக எடுத்து ஐஸ் போட்டு வைத்தாள். விற்று முடித்து, வெயிலில் நடந்து அந்தக் கேட்டுக்குப் போனாள். சின்னப்பையன் தூரத்திலேயே பார்த்துவிட்டு வேண்டாம் என்று கையை ஆட்டினான். தலையைக் கொடுத்தனுப்பலாம் என்றால் வெளியிலிருந்து அவள் கொண்டுவந்த எதையும் வாங்கக்கூடாது என்று உத்தரவாம். பத்து நிமிஷம் எதிர்ப்புறம் நின்றாள். ஸ்கூட்டி வரவில்லை. ஐஸ் உருகி முழங்கை வழியாக ஒழுகியது.

அன்று ராத்திரிக் குழம்பில் அந்தத் தலை கிடந்தது. பக்கிரிக்கு நல்ல பசி. ரூபீனாவுக்கு ஒரு வஞ்சிரத் தலை பாக்கி.