கடைசித் தீவைப் பார்க்காத விமர்சகன்

தேங்காப்பட்டணம் ஷஹீர் தன் முதல் கேம் விமர்சன வீடியோவில் ‘சாடு’ என்று சொன்னதைக் கேட்டுச் சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் பார்த்தவர்கள் சிரித்தார்கள். “ஆடு இங்கேருந்து அங்கே சாடணும், கேட்டியளா?” என்று அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனான். கீழே ஒருவர், “ப்ரோ, அது ஜம்ப். சாடுன்னா என்ன?” என்று எழுதியிருந்தார். அடுத்த வீடியோவில் ஷஹீர், “எங்க ஊர்ல ஆடு சாடத்தான் செய்யும். உங்க ஊர் ஆடு ஜம்ப் பண்ணுமானா பண்ணட்டு” என்றான். அதற்குப் பிறகு அவனைப் பார்க்க வந்தவர்கள் அந்தப் பேச்சுக்காகவே வந்தார்கள்.

வீடியோவில் அவன் முகம் இருக்காது. திரையில் ஓடும் விளையாட்டு, பின்னால் அவன் குரல், அவ்வளவுதான். அந்தக் குரலுக்கு உரியவன் ஒரு சக்கர நாற்காலியில், கழுத்துக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருக்கிறான் என்பது பார்த்தவர்கள் யாருக்கும் தெரியாது. அவன் சொல்லவும் இல்லை.

நடக்கும் வயதில் நடந்தவன்தான். பள்ளிக்கூடம் சேர்ந்த பிறகுதான் அடிக்கடி விழ ஆரம்பித்தான். தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றி ஊன்றி எழுந்தான். உம்மா சைனப் பீவி முதலில் சத்துக் குறைவு என்று நினைத்து முட்டையும் பாலும் கொடுத்தாள். பிறகு திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கிருந்த டாக்டர் மலையாளத்தில் நிதானமாக எடுத்துச் சொன்னார். உடம்பின் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிற நோய். முதலில் கால், பிறகு கை, கடைசியில் மூச்சு. மருந்து தள்ளிப்போடும், மாற்றாது. சைனப் பீவிக்கு மலையாளம் நன்றாகவே விளங்கும். ஆனாலும் வெளியே வந்து, “அவரு என்ன பறஞ்சாருன்னு எனக்கு மனசிலாகல்ல” என்றாள்.

வாப்பா சுலைமானுக்குச் சவூதியில், தம்மாமில் வேலை. 2005-ல் விடுமுறைக்கு வந்தபோது, டிவியில் செருகி விளையாடுகிற ஒரு கேம் பெட்டியைக் கொண்டுவந்தார். அதோடு ஒரே ஒரு விளையாட்டு இருந்தது. கிப்பி மூன்றாம் பாகம். கழுத்தில் மணி கட்டிய ஒரு வெள்ளை ஆட்டுக்குட்டி. ஊர்க்காரர்களின் மணிகளையெல்லாம் ஒரு திருட்டு மேகம் அள்ளிக்கொண்டு போய்விடும். ஆட்டுக்குட்டி தீவு தீவாகச் சாடிப் போய் அவற்றை மீட்டுவர வேண்டும். யாரும் சாக மாட்டார்கள், ரத்தம் கிடையாது. ஆடு குழியில் விழுந்தால் ‘மே’ என்று ஒரு சத்தம் போடும், மறுபடி ஆரம்பத்தில் போய் நிற்கும். கை தட்டிச் சிரிக்கிற மாதிரியான விளையாட்டு. அந்த வருஷம்தான் ஷஹீர் நடப்பதை நிறுத்தினான்.

பள்ளிக்கூடத்துக்கு உம்மாதான் இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். தூக்கித் தூக்கி முதுகு வேதனை பிடித்து, அவள் குனிந்தே நடந்தாள். ஒன்பதாம் வகுப்பு மாடியில் இருந்தது. அவளும் கொஞ்ச நாள் மாடி ஏறிப் பார்த்தாள். ஒருநாள் படியில் கால் இடறிப் பையனோடு உட்கார்ந்துவிட்டாள். அன்று சாயங்காலம் ஷஹீரே சொன்னான், “போதும் உம்மா. நான் வீட்டுல இருந்து படிச்சுக்கிடுதேன்.”

வீட்டில் அவன் படித்தது பாடப் புத்தகம் அல்ல. கடற்கரைத் தெருவில் மொபைல் கடை வைத்திருந்த ரெனிஷ் அவனோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்தவன். அவன் ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சரிபார்த்துக் கொண்டுவந்து வைத்தான். களியக்காவிளைக்கும் திருவனந்தபுரத்துக்கும் சரக்கு எடுக்கப் போகும்போதெல்லாம் ஷஹீருக்கு ஒரு கேம் தேடிக் கொண்டுவருவான். ஷஹீர் அவற்றை விளையாடி முடித்துவிட்டுத் தமிழில் எழுத ஆரம்பித்தான். முதலில் ஒரு பிளாக், அப்புறம் யூடியூப். மார்க் போடுவதில்லை. நன்றாக இருந்தால் ‘கொள்ளாம்’, இல்லையென்றால் ‘கொள்ளாது’, இரண்டுக்கும் நடுவில் ‘இருந்துட்டுப் போகட்டும்’ என்று மூன்றே தீர்ப்பு.

ஒரு விஷயத்தில் கடுமையாக இருந்தான். கடைசிவரை முடிக்காமல் எதைப் பற்றியும் பேச மாட்டான். “சட்டியில பாதி மீனத் தின்னுட்டுக் கொழம்பு கொள்ளாதுன்னு சொல்லப்பிடாது. அடியில உள்ளதயும் தின்னுட்டுச் சொல்லணும்” என்பான்.

கைகள் தளர ஆரம்பித்தது அவனுக்குப் பதினெட்டு வயது ஆனபோது. இடது கட்டைவிரல் தாக்குப்பிடித்தது. வலது கட்டைவிரலால் விளையாட்டுக் கருவியின் பட்டனை அழுத்த முடியவில்லை. மாதக் கணக்கில் வீடியோ எதுவும் வரவில்லை. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். தங்கை ஜஸீனா அப்போது பத்தாம் வகுப்பு. ஒருநாள் அவள் வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

“காக்கா, எடப்பக்கம் நீங்க பிடிங்க. வலப்பக்கம் நான் அமுக்குதேன். எப்போ அமுக்கணும்னு மட்டும் சொல்லுங்க.”

“உனக்கு வராதுட்டி.”

“வராட்டா வேண்டாம். இப்போ பிடிங்க.”

முதல் நாள் ஆடு குழியிலேயே கிடந்தது. அவன் ‘சாடு’ என்று சொல்லி, அவள் காதில் வாங்கி, விரல் அழுத்துவதற்குள் காலம் கடந்துவிடும். “ஏட்டி, நான் ‘சா’ன்னு வாய் தொறக்கும்போதே அமுக்கிரு. ‘டு’ வரும்போ ஆடு செத்துப் போவுது” என்று கத்தினான். அவள் சிரித்ததில் கருவி கையிலிருந்து நழுவி விழுந்தது. அவனும் சிரித்தான். அடுப்படியில் மரச்சீனிக் கிழங்கு அரிந்துகொண்டிருந்த சைனப் பீவி, வெகுகாலத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டு, கத்தியோடு வந்து வாசலில் நின்றாள்.

கொஞ்ச நாளில் அவர்கள் பழகிவிட்டார்கள். அவன் மூச்சை இழுத்தாலே அவளுக்குத் தெரிந்தது. வீடியோக்கள் மறுபடி வந்தன. வயசுப் பெண்ணின் குரல் ஊருக்கெல்லாம் கேட்கக் கூடாது என்று உம்மா சொல்லியிருந்ததால் பதிவு ஓடும்போது ஜஸீனா வாயைத் திறக்க மாட்டாள்.

2016 தொடக்கத்தில் கிப்பியின் ஏழாம் பாகம் வந்தது. முதல் பாகம் வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. ரெனிஷ் அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, “லே, என்ன கொண்டு வந்திருக்கேன்னு சொல்லு பாப்போம்” என்றான். ஷஹீருக்கு அப்போதே பேச்சு சிறுத்திருந்தது. நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குவான். தூங்கும்போது மூக்கில் ஒரு மாஸ்க் போட்டு, மெஷின்தான் காற்றை உள்ளே தள்ளும்.

“நீ வெளையாடிப் பாத்தியா?”

“உனக்கு முன்ன நான் தொடுவேனா மக்கா?”

எட்டுத் தீவுகள். ஜஸீனா கல்லூரிக்குப் போய், தக்கலையிலிருந்து பஸ் பிடித்து வீடு திரும்பி, முகம் கழுவியதும் உட்கார்ந்துவிடுவாள். ஆறு தீவு வரை போனார்கள். ஏழாவது கடினம். அசையும் ஊஞ்சல்களும் உடையும் பாறைகளும். இடது கட்டைவிரலும் அவனுக்குச் சொன்னபடி கேட்கவில்லை. விழுந்தார்கள், மறுபடி விழுந்தார்கள். விளையாட்டு நீள நீள அவன் உதடு வெளுப்பதை அவள் பார்த்தாள்.

அந்தப் பாகத்தில் ‘துணைக் காற்று’ என்று புதிதாக ஒன்று வைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்காக வைத்தது. அதைப் போட்டுவிட்டால் ஆடு குழியில் விழும்போது ஒரு காற்று வந்து தூக்கி மறுகரையில் வைத்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை, உம்மா அவனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஜஸீனா அதைப் போட்டுவைத்தாள்.

ஆடு முதலில் விழுந்தபோது காற்று தூக்கியது. அந்தத் தீவில் அப்படி ஒரு காற்று உண்டு போல என்று ஷஹீர் நினைத்தான். இரண்டாவது முறை யோசித்தான். மூன்றாவது முறை விரலை எடுத்துவிட்டான்.

“ஏட்டி. நீ என்ன செய்தா?”

அவள் கருவியை மடியில் வைத்தாள்.

“என்ன ஏமாத்தினியா?”

“முடிவப் பாக்கணும்னு காக்காக்கு ஆசையில்லியா? அதுக்குத்தான்…”

“நான் விழுந்தேன். ஆடு விழல்ல. அப்போ யாருட்டி வெளையாடினது?”

அவள் அழ ஆரம்பித்தாள். அவன் நிறுத்தவில்லை. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான். “கட்டில்லேருந்து தூக்குதிய. கக்கூசுக்குத் தூக்குதிய. திரும்பிப் படுக்கணும்னா ஆளு வேணும். இதுல மட்டுந்தான் நான் விழுந்து எந்திரிக்கேன். அதயும் எடுத்துக்கிட்டா எனக்கு என்ன இருக்கு?”

இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனாகவே கூப்பிட்டான். “வா. ஏழாவது தீவ மொதல்லேருந்து போவோம். காத்த எடுத்துரு.”

காற்று இல்லாமல் அந்தத் தீவைத் தாண்ட வெகுநாளாயிற்று. தாண்டிய அன்று அவள் எழுந்து குதித்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு, “கொள்ளாம் மோளே” என்றான். அதற்கு மேல் பேச மூச்சு இல்லை.

ஜூன் மழை தொடங்கியது. அவனுக்குச் சளி பிடித்தது. திருவனந்தபுரத்தில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புறப்படுவதற்கு முந்தைய நாள் பகலில் ஷஹீர் ரெனிஷை வரச்சொன்னான். மைக்கை வாய்ப்பக்கம் வைக்கச் சொன்னான். எட்டாவது தீவை அவர்கள் இன்னும் தொடவில்லை.

“முடிக்காம நீ பேச மாட்டியேடே?” என்றான் ரெனிஷ்.

“முடிக்கல்லன்னு சொல்லிட்டுப் பேசுதேன்.”

அந்த வீடியோ இன்றும் இருக்கிறது. வழக்கத்தைவிடச் சின்னது. இடையிடையே நீளமான இடைவெளிகள்.

“எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். கிப்பி ஏழாம் பாகம். மொதல்ல ஒரு காரியம் சொல்லிருதேன். நான் இத முடிக்கல்ல. எட்டாவது தீவு கொள்ளாமான்னு என்கிட்ட கேக்காதீங்க, நான் பாக்கல்ல. பாத்தது ஏழு. மேகம் மறுபடியும் மணியக் களவாண்டுட்டுப் போவுது. இருவது வருசமா அதுக்கு வேற வேலையில்ல. கதை எழுதுனவனுக்கும் வேலையில்ல. மூணாம் பாகத்துல உள்ள பாட்ட அப்படியே திருப்பிப் போட்டிருக்கான், அது சோம்பேறித்தனம். ஆனா ஆடு இப்போ தும்முது. புல்லுல நின்னா தும்முது. அதுக்குச் சிரிக்காத ஆள நான் பாக்கல்ல. ஏழாவது தீவு கடிசு. நல்ல கடிசு. பிள்ளைகளுக்காக ஒரு காத்து வச்சிருக்கான், விழுந்தா தூக்கும். என் தங்கச்சி என்கிட்ட கேக்காம அதப் போட்டா. நான் வழக்குப் பிடிச்சேன். என் வலது கை அவதான். நாலு வருசமா நீங்க பாத்த சாட்டம் எல்லாம் அவ சாடினது. துணை வைக்கிறது தப்பில்ல. கேட்டுட்டு வைக்கணும். அவ்வளவுதான். பாத்தவரைக்கும் கொள்ளாம்.”

முடிவில், மைக்கை அணைப்பதற்கு முன்னால், ஒரு பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கிறது. ரெனிஷ் அதை வெட்டட்டுமா என்று கேட்டான். ஷஹீர் வேண்டாம் என்று தலையசைத்தான். உம்மாவும் தடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. அடுத்த வாரம் ஷஹீர் மவுத்தானான். வயது இருபத்திரண்டு. மழைக்கு நடுவே பள்ளிவாசல் மையவாடியில் அடக்கினார்கள். குழிக்குள் இறங்கிய நாலு பேர், உடம்பு இவ்வளவு லேசாக இருக்கும் என்று நினைக்கவில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள். சுலைமானுக்கு டிக்கெட் கிடைத்து அவர் வீடு வந்துசேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவர் மகனின் வீடியோக்களை அதுவரை பார்த்ததில்லை. பிள்ளை ஏதோ விளையாடுகிறான் என்று மட்டும் தெரியும். போனில் பேசும்போது, “சுகமா?” என்பார், அவன் “சுகந்தான் வாப்பா” என்பான். இப்போது ஜஸீனா ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். அவர் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார், திரையைப் பார்க்கவே இல்லை.

“இவ்வளவு பேசுவானா மோளே இவன்?” என்று கேட்டார். “எங்கிட்ட இவ்வளவு பேசுனதில்லியே.”

கடைசி வீடியோவின் கீழே பலர், எட்டாவது தீவை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டிருந்தார்கள். ஜஸீனா நெடுநேரம் யோசித்து, ‘காக்கா மவுத்தாயிட்டாங்க. துஆ செய்யுங்க’ என்று மட்டும் எழுதினாள். எட்டாவது தீவை அவள் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். இரண்டு கையிலும் கருவியைத் தனியாகப் பிடித்தபோது இடதுகை என்ன செய்ய வேண்டும் என்றே தெரியவில்லை. ஆடு புல்லில் நின்று தும்மியது. அணைத்துவிட்டாள். அடுத்த வருஷம் அவளுக்குக் கொல்லத்தில் கல்யாணம் ஆயிற்று.

கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறை வீட்டுக்கு வந்தபோது, உம்மா நிமிர்ந்து நடப்பதை அவள் கவனித்தாள்.

“உம்மா, முதுகு வேதனைக்கு வேற மருந்து மாத்தினியளா?”

சைனப் பீவி கழுவிக்கொண்டிருந்த சாளை மீனைச் சட்டியில் போட்டுவிட்டு, கையைத் துடைக்காமலே அப்படியே நின்றாள்.

“மருந்து ஒண்ணும் இல்ல மோளே. அவன் போன பொறவு அது வரல்ல.” குரல் தாழ்ந்தது. “வாப்பாகிட்ட சொல்லாத. வேதனை தீந்துச்சுன்னு சொல்ல எனக்கு நாணமா இருக்கு.”

ஜஸீனா மீன்வாடையோடு இருந்த அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் அடுப்படியில் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள்.